இடது காதுக்கு மேல் ஒரு வளைவு

மேக்கன், ஜார்ஜியா
2 ஜூன் 1980

அன்பு மகள் லொரீதாவுக்கு அப்பா எழுதுவது.

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாரும் சுகம். முழங்காலும் மழை வந்தால்தான் வாயைத் திறக்கும். நின்றுகொண்டே வேலை பார்ப்பதில் கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, உப்புப் போட்ட வெந்நீரில் வைக்கிறாயா? அந்த ஹோட்டல்காரர்கள் ஆட்களை வரவேற்கிற முன் மேசையில் ஒரு ஸ்டூல் போட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

போன சனிக்கிழமை உன் அப்பன் மானம் காற்றில் போன கதையைக் கேள். எங்கள் பேக்கரி முதலாளி கான்ட்ரெல்லின் மகள் லிண்டி கடற்கரைக்குப் போகிறாள். பதினாறு வயது. ஏதோ பத்திரிகை அட்டையில் ஒரு வெள்ளைக்காரப் பெண், நம் கறுப்புப் பெண்கள் போடுகிற மாதிரி மண்டையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிக்கொண்டு நிற்கிறாளாம். இவளுக்கும் வேண்டுமாம். அவர்கள் போகிற சலூனில் யாருக்கும் தெரியவில்லை. ரொட்டி வண்டி ஓட்டுகிற ஐசம் கேஸ்கின்ஸ், பெண்டாட்டி போனபிறகு மகளுக்குத் தன் கையாலேயே பின்னிவிட்டு வளர்த்தவன் என்று யாரோ ஊதிவிட்டார்கள். முதலாளி கூப்பிட்டார், போனேன்.

உன்னை முழங்காலுக்கு நடுவில் உட்காரவைத்துப் பின்னினேன். அங்கே அது நடக்குமா? அவள் உயரமான ஸ்டூலில், நான் பின்னால் நின்றபடி, முதலாளியம்மா கதவோரம் காவல். முடியா அது? வெண்ணெய் தடவின மீன். பிடித்தால் வழுக்குகிறது. எப்படியோ முடித்தேன். முடித்த பிறகு பழக்கதோஷம். சீப்பில் வந்த முடியை உருட்டி, அவர்கள் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து, அதில் போட்டுவிட்டேன்.

நாற்றம் மாடிவரை போயிற்று. நாய் ஊளையிட்டது. முதலாளி ஒரு காலில் செருப்போடு ஓடிவந்தார்.

"ஐசம், என்னய்யா எரியுது?"

"உங்க மகளோட முடிங்க."

சொன்ன பிறகுதான் அது காதில் எப்படி விழும் என்று உறைத்தது. வெளியே போட்டால் குருவி எடுத்துக் கூடு கட்டும், முடிக்காரிக்குத் தலைவலி வரும் என்று விளக்கினேன் பார், அதற்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம். லிண்டி மட்டும் சிரித்துச் சிரித்து ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தாள். நல்ல பெண்தான்.

உன் அத்தை வெர்டீ இதைக் கேட்டுவிட்டு இரண்டு நாளாக என்னை "சலூன்காரரே" என்றுதான் கூப்பிடுகிறாள். பக்கத்து வீட்டில் கூடப்பிறந்தவள் இருந்தால் வேறு எதிரி தேவையில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா

*

சிகாகோ
28 ஜூன்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முழங்காலுக்குக் கற்பூரத் தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன். இங்கே வெயில் அதிகம். வேலை எப்போதும்போல.

ஒன்று மட்டும் கேட்கவேண்டும். அந்தப் பெண்ணுக்கு எந்த மாதிரி பின்னினீர்கள்?

லொரீதா

*

மேக்கன்
5 ஜூலை

அன்பு மகளுக்கு,

தைலம் வந்தது. தடவினேன். முழங்கால் நன்றி சொல்லச் சொன்னது. உன் கடிதம்தான் மெலிந்துபோயிருக்கிறது. நீயுமா?

எந்த மாதிரி என்று கேட்கிறாயே, எனக்குத் தெரிந்தது ஒன்றுதானே கண்ணு! உன் அம்மா ஒஸெல்லா எனக்குக் காட்டிக்கொடுத்தது. நெற்றியிலிருந்து நேராகப் போய், இடது காதுக்கு மேல் வளைந்து திரும்பி, பின்கழுத்தில் சேருகிறது. அதைத்தான் போட்டேன். கடற்கரையிலிருந்து வந்த நாளாக லிண்டியின் சிநேகிதிகளெல்லாம் அந்த வளைவைப் பார்த்துவிட்டு ஆலாய்ப் பறக்கிறார்களாம். 'லிண்டி வளைவு' என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆகஸ்டில் அவளுக்குப் பிறந்தநாள். தோழிகள் அத்தனை பேருக்கும் நான் போட்டுவிட வேண்டும் என்று முதலாளியம்மா கேட்டாள். சரி என்றேன். காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு பன்றித்தொடை வந்து இறங்கியது.

ஹோஸியாவின் முடிவெட்டுக் கடையில் இதைச் சொல்லப்போய் மாட்டிக்கொண்டேன்.

"ஏன்டா ஐசம், கையில சீப்பு, மடியில பன்றித்தொடை. நாளைக்கே கவர்னர் பொண்டாட்டி வருவா, வண்டிய வித்துரு" என்றான் ஹோஸியா.

ரயில்வேயில் இருந்த டெல்மர் சிரிக்கவில்லை. "என் பேத்திய இதே பின்னலுக்குத்தான் பள்ளிக்கூடத்துலேர்ந்து வீட்டுக்கு அனுப்பினாங்க. காட்டுத்தனமா இருக்காம். அவங்க வீட்டுப் பொண்ணு போட்டா பத்திரிகை அட்டையா?"

"முடி முடிதான்யா. போட்டுக்கட்டுமே. நம்மளது நல்லாயிருக்குன்னுதானே போடுறாங்க?" என்றேன்.

"நல்லாயிருக்குன்னு நம்ம தலையில இருக்கும்போது சொல்லட்டும். அப்புறம் பேசலாம்" என்றார் டெல்மர். பாதி முடி வெட்டின தலையோடேயே எழுந்து போய்விட்டார். மீதிப் பாதிக்கு மறுநாள் வந்தார் என்பது வேறு விஷயம்.

நீ என்ன சொல்கிறாய்? நீதான் படித்தவள். நான் எட்டாவதோடு நின்றவன்.

அப்பா

*

மேக்கன்
29 ஜூலை

ரீதாக் கண்ணு,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் பதில் வழியில் தொலைந்ததா, இல்லை நீ எழுதவே இல்லையா? நீ தங்கியிருக்கிற வீட்டுக்கு இரண்டு தடவை போன் செய்தேன். வீட்டுக்காரம்மா "அவ தூங்குறா" என்றாள். சாயங்காலம் ஆறு மணிக்கு என் மகள் தூங்கி நான் பார்த்ததில்லை.

வெர்டீக்கு உன்னிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். ஆனால் என் சட்டையைத் தேய்க்கும்போது வாயே திறக்கவில்லை. வெர்டீ வாயை மூடினால் வீட்டில் யாரோ செத்திருக்கவேண்டும், இல்லை நான் ஏதோ செய்திருக்கவேண்டும்.

என்னம்மா செய்தேன்?

அப்பா

*

சிகாகோ
4 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறேன் என்று எழுதி எழுதிப் பார்த்தேன். வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

ஜூன் தொடக்கத்தில் புது மேனேஜர் வந்தார், விட்கம் என்று. வந்த வாரமே கூப்பிட்டார்.

"இந்தத் தலையோட முன் மேசையில நிக்க முடியாது, லொரீதா. பிரிச்சிடு. இல்லேன்னா மேல விக் வச்சுக்கோ."

என்னோடு வேலை செய்கிற டெபி, லீவுக்குத் தீவுப் பக்கம் போய்விட்டு மணி கோத்த பின்னலோடு திரும்பியிருந்தாள். விருந்தாளிகள் அவள் தலையைத் தொட்டுப் பார்த்து மெச்சினார்கள். ஹோட்டல் பத்திரிகையில் அவள் போட்டோ வந்தது.

"டெபியும் வச்சிருக்காளே சார்?"

"அது ஃபேஷன். ரெண்டு வாரத்துல போயிடும். நீயும் அதைப் பார்த்துத்தானே போட்டே?"

"ஆறு வயசுலேர்ந்து போடுறேன்."

"அப்படியா" என்று சிரித்தார். அவ்வளவுதான். பொய் சொல்கிற குழந்தையைப் பார்த்துச் சிரிப்பார்களே, அப்படி.

பிரிக்க மாட்டேன் என்றேன். மறுநாளிலிருந்து அடித்தளத்தில் துணி மடிக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் அறைக்கு வந்தால் உங்கள் கடிதம் இருந்தது. முடி எரிந்த கதை. வேறு ஒரு நாள் என்றால் நானும் சிரித்திருப்பேன்.

வேலையில் பாகுபாடு காட்டினால் விசாரிக்கிற நகர வாரியத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். செப்டம்பரில் விசாரணை. இது நேற்று வந்த ஃபேஷன் இல்லை, எங்கள் வீட்டில் காலங்காலமாக இருப்பது என்று குடும்பத்தில் யாராவது எழுதிக் கையெழுத்திட்டுத் தரவேண்டும் என்கிறார் வக்கீல். நீங்கள்தான் எழுதவேண்டும்.

யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை, அப்பா. அவள் போட்டால் மெச்சுகிறார்கள், நான் போட்டால் நிலவறைக்கு அனுப்புகிறார்கள். அதைத்தான் சொல்கிறேன். ஆனால் அந்த வளைவு வேறு. அதற்கு அடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வக்கீலுக்குக்கூட நான் சொல்லவில்லை.

பிறந்தநாள் பற்றி நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை.

வெர்டீ அத்தையைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். நான்தான் சொல்லவேண்டாம் என்றேன். தைலம் தீர்ந்தால் எழுதுங்கள்.

லொரீதா

*

மேக்கன்
9 ஆகஸ்ட்

என் மகளுக்கு,

சுகம் விசாரிக்க இன்றைக்கு எனக்கு வாய் இல்லை. வேலையை மட்டும் விடாதே. சாப்பாட்டையும்.

நீ கேட்டதை எழுதி, பாதிரியார் முன்னால் கையெழுத்திட்டு இதோடு வைத்திருக்கிறேன். என் அம்மா அவள் அம்மாவிடம், ஒஸெல்லா அவள் பெரியம்மாவிடம் பின்னக் கற்றது, இப்படி எனக்குத் தெரிந்தவரை எழுதினேன். ஒஸெல்லா படுக்கையில் கிடந்தபடி, உன்னை என் முன்னால் உட்காரவைத்து, "இழுக்காதீங்க, அது தாம்புக்கயிறா? பிள்ளை தலை" என்று என்னைத் திட்டித் திட்டிப் பழக்கியதையும் எழுதினேன். எழுத்துப்பிழைகளைப் பாதிரியார் பார்த்துத் திருத்தினார். சிலது அவருக்கும் தெரியவில்லை.

காயத்தைப் பற்றி எழுதவில்லை. அந்த ஈஸ்டர் காலை, உன் முடியை நேராக்க அடுப்பில் காய்ந்த இரும்புச் சீப்பு, நீ திரும்பினதில் அது காதுக்கு மேல் பட்டது, உன் அம்மா போட்ட கத்தல், எதுவும் எழுதவில்லை. அதற்குப் பிறகு உன் தலையில் சூடு படவிடமாட்டேன் என்று சொல்லி, முடி முளைக்காத அந்த இடத்தை மூட அவள் கண்டுபிடித்த வளைவு அது. உன்னைக் கேட்காமல் அதை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை. இந்தப் புத்தி ஜூன் மாதம் எங்கே போயிருந்தது என்று நீ கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

பிறந்தநாள் விஷயத்தை முடித்தாயிற்று. நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

அப்பா

*

மேக்கன்
25 ஆகஸ்ட்

லொரீதாக் குட்டிக்கு அத்தை வெர்டீ எழுதுவது.

எனக்கு ரத்தக்கொதிப்பு, உன் அப்பனால். மற்றபடி நலம்.

அவன் சொல்லமாட்டான், அதனால் நான் சொல்கிறேன். முதலாளி வீட்டில் முடியாது என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. வலது கையில் முழம் நீளத்துக்குத் துணியைச் சுற்றிக்கொண்டான். ரொட்டித்தட்டு விழுந்ததாம். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. "ஏன்டா இந்த வேஷம்?" என்றால், "கட்டு போட்டவனை யாரும் திட்டமாட்டாங்கடீ" என்கிறான்.

அதோடு விட்டானா? கட்டோடு போய் வாழ்த்துச் சொல்லிவிட்டு வரலாம் என்று பிறந்தநாளுக்குப் போயிருக்கிறான். அங்கே முதலாளியம்மாவின் தங்கை சீப்போடு தயாராக உட்கார்ந்திருக்கிறாள். "கை முடியலேன்னா என்ன ஐசம், வாயால சொல்லு, நான் போடறேன்" என்றாளாம். இந்த மனுஷன் நின்று, வகிடு எங்கே எடுக்கணும், விரலை எங்கே மாற்றணும், காதுக்கு மேல் எப்படித் திருப்பணும் என்று ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். முன்னே அது அவன் கையில் மட்டும் இருந்தது. இப்போது அவர்கள் கைக்கும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கட்டைப் பிரிக்கவே இல்லை. கட்டோடேயே உட்கார்ந்து ஒரு கையால் சாப்பிட்டான். பார்க்கச் சகிக்கவில்லை. திட்டவும் முடியவில்லை.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். எனக்கு நீ பதில் எழுதவேண்டாம், அவனுக்கு எழுது.

வெர்டீ அத்தை

*

சிகாகோ
21 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்கள் எழுதிக்கொடுத்ததை வக்கீல் முழுக்க வாசித்தார். அம்மா உங்களைத் திட்டின இடத்தில் வாரியத்திலிருந்த ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்தார். ஜெயித்துவிடுவோம் என்று நினைத்தேன்.

பிறகு ஹோட்டலின் வக்கீல் எழுந்தார்.

"இது உங்க இனத்துக்கே உரியதுன்னு சொல்றீங்க?"

"ஆமா."

"வெள்ளைக்காரங்க போட்டு நீங்க பார்த்ததே இல்லையா?"

"பார்த்திருக்கேன்."

"டெபியத் தவிர வேற யாராவது?"

சத்தியம் செய்துவிட்டு நின்றிருந்தேன், அப்பா. "எங்க ஊர்ல சில பெண்கள்" என்றேன்.

"அவங்களுக்கு யார் கத்துக்கொடுத்தா?"

"எங்கப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நீங்கள் இருந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். அதன் பிறகு அந்த வக்கீல் அதிகம் பேசவில்லை. "யார் வேணும்னாலும் போட்டுக்கலாம்னா இது வெறும் அலங்காரம். அலங்காரம்னா யாரை வேணும்னாலும் எடுக்கச் சொல்லலாம்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இதைப் பிரிக்க முடியாதபடி வேறு ஏதாவது காரணம் உண்டா என்று தலைவர் கேட்டார். எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். இல்லை என்றேன்.

புகார் தள்ளுபடி. போன வாரம் பிரித்தேன். பிரித்த பிறகு கண்ணாடியில் பார்த்தேன், விக் வைக்கவும் மனம் வரவில்லை, மறுபடி அந்த வளைவைப் போடவும் மனம் வரவில்லை. ஒட்ட வெட்டிக்கொண்டேன். மேனேஜர் "இப்போ நீட்டா இருக்கு" என்றார். மறுபடி முன் மேசையில் நிற்கிறேன். காதுக்கு மேல் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். சின்ன வயதில் விழுந்தேன் என்று சொல்கிறேன்.

உங்கள் கை சரியாகிவிட்டதா?

லொரீதா

*

மேக்கன்
30 செப்டம்பர்

லொரீதா,

கைக்கு ஒன்றுமில்லை. எப்போதும் ஒன்றும் இருக்கவில்லை. உனக்குத் தெரிந்துதான் கேட்டிருக்கிறாய்.

இதை வேடிக்கையாக எழுத நாலு தாள் கிழித்தேன். வரவில்லை. முடியாது என்ற ஒரு வார்த்தைக்கு நான் அத்தனை துணி சுற்றியிருக்க வேண்டாம். வாரியத்தில் நீ தனியாக நின்று சொன்னாய். நான் ஓர் அடுக்களையில் சொல்ல மாட்டாமல் போனேன்.

நவம்பர் கடைசியில் நன்றி சொல்லும் நாள் பண்டிகைக்கு வீட்டுக்கு வா. வெர்டீ வான்கோழி சுடுகிறாள், சர்க்கரைவள்ளிக் கிழங்கில் இனிப்புப் பலகாரம் செய்கிறாள். முடி கொஞ்சம் வளர்ந்திருக்கும். உட்கார், வேறு ஏதாவது மாதிரி போட்டுவிடுகிறேன். புதிதாகக் கற்றுக்கொள்கிறேன். ஹோஸியாவின் மகளை வைத்துப் பழகிப் பார்த்தேன். "ஐசம் மாமா, எனக்குத் தலை வேணும்" என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டாள். நீ அவ்வளவு கத்தமாட்டாய்.

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு போ.

அப்பா

*

சிகாகோ
15 நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் வெர்டீ அத்தை எழுதித் தெரிந்தது. அந்த வாரம் எனக்கு வேலை இருக்கிறது, வர இயலாது. கிறிஸ்துமஸுக்கும் சொல்வதற்கில்லை. எனக்கு முடி குட்டையாக இருப்பதே பழகிவிட்டது. இப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

முழங்காலுக்கு இன்னொரு புட்டி அனுப்பியிருக்கிறேன். அத்தைக்கு அன்பு.

லொரீதா

*

மேக்கன்
14 டிசம்பர்

அன்பு மகளுக்கு,

எல்லாரும் சுகம். புட்டி வந்தது. வெர்டீயின் ரத்தக்கொதிப்பு இறங்கியிருக்கிறது, திட்ட நான் புதிதாக ஒன்றும் கொடுக்காததால். டெல்மர் நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நல்லா இருக்கா என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, முடி முழுக்க வெட்டி முடியும்வரை உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸ் கேக் ஏற்றி ஏற்றி இடுப்பு ஒடிகிறது. உனக்கு ஒரு கேக்கும் ஒரு கம்பளித் தொப்பியும் பார்சலில் வருகிறது. தொப்பியின் நிறத்துக்கு வெர்டீ பொறுப்பு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று. எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக வைத்திருந்தேன்.

வியாழக்கிழமை காலை வண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். லிண்டி வந்தாள். என் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள், பேக்கரியில் எல்லாரும் அப்படித்தான்.

"ஐசம், கை சரியாயிடுச்சுன்னு அப்பா சொன்னார். டான்ஸுக்கு எனக்குப் போட்டுவிடேன். சித்தி போடறது கோணலாயிருக்கு, அந்த வளைவு அவளுக்கு வரவே மாட்டேங்குது."

"முடியாது பாப்பா."

"கை இன்னும் வலிக்குதா?"

"கை நல்லாத்தான் இருக்கு."

முதலாளி தட்டோடு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வழக்கம்போல ஒரு வேடிக்கைப் பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

"அப்புறம் ஏன்?" என்றாள். கோபம் இல்லை அவளுக்கு. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"நான் ஒரே ஒரு தலைக்குத்தான் பின்னுவேன். அந்த வளைவும் அந்தத் தலைக்காக உண்டானது. உனக்குப் போட்டது என் தப்பு."

"யாரோட தலை?"

"என் மகளோடது."

அவள் கை தன்னையறியாமல் இடது காதுக்கு மேலே போயிற்று. முதலாளி தட்டை வைத்துவிட்டு உள்ளே போனார். அன்றிலிருந்து எனக்குக் காலை வணக்கமும் சொல்லவில்லை, பார்க்கலாம். லிண்டிதான் "ஓ, அப்போ அவங்க கிறிஸ்துமஸுக்கு வர்றாங்களா, பின்னிக்க?" என்று கேட்டாள்.

குனிந்து அடுத்த தட்டை எடுத்து வண்டியில் வைத்தேன். அந்தத் தலை இப்போது என்னிடம் வருவதில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.